தூரத்து ஏவலும் ஊத்துக்குளிச் சீமையும்

ஊத்துக்குளி என்ற பெயரைக் கேட்டதும் வெண்ணெயையும் நெய்யையும் நினைப்பது தமிழ்நாட்டாரின் நெடுநாள் வழக்கம். சற்று அணுக்கமாக அறிந்தவர்களுக்குக் கதித்தமலை வேலாயுதசுவாமி கோயிலும், ஊரைவிட்டு ஒதுங்கி 'ஆர்.எஸ்.' என்னும் ஒட்டோடு தனியூராகவே வளர்ந்துவிட்ட ரயிலடியும் நினைவுக்கு வரும். யந்திர சரித்திரம் எழுதப் புகுபவர் இவ்வூரைத் தேடி வருவதற்கு வெளிப்படையான காரணம் ஒன்றும் இல்லைதான். ஆயினும், திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜைக்கு முன் நின்றபடியே தன் தோட்டத்துக் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியால் ஓடவிடுகிற விவசாயியையும், பெருந்துறைப் பக்கத்துச் சாயச்சாலையில் இடுப்பு வாரில் மஞ்சள் பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு தலைக்குமேல் நகரும் கிரேனைப் பொத்தானால் நடத்துகிற தொழிலாளியையும் ஒரே வட்டாரத்தில் பார்க்கிற ஒருவனுக்கு, கைக்கும் யந்திரத்துக்கும் நடுவே உள்ள தூரம் இங்கே எவ்வாறு வளர்ந்தது, அது வளர வளர அபாயம் எவ்வாறு உருமாறியது, அதற்கு மனிதர் கண்ட பரிகாரங்கள் எவை என்று விசாரிக்கத் தோன்றுவது இயல்பே. விசாரித்துப் பார்த்தால், இன்று வானொலி அலையால் கிரேனை ஏவும் பெட்டிக்குள் உறைந்திருக்கும் நியதிகளிற் பெரும்பாலானவை வானொலிக்கு முற்பட்டவை என்பதும், அவற்றுட் சில இருப்புப்பாதை வழியாகவே நம் சீமைக்குள் வந்தவை என்பதும் தெரியவருகின்றன.

கவலை பூட்டி நீர் இறைத்த காலத்தில் இந்தப் பிரச்சினை எழவே இல்லை. சாலில் நீர் மொண்டு வடக்கயிற்றை இழுக்கும் எருதுகளும் அவற்றை ஓட்டுபவனும் கிணற்று வாயினின்று சில முழ தூரத்துக்கு அப்பால் போவதில்லை. கிணற்றுக்குள் இறங்கியவன் ஒரு கூப்பாடு போட்டால் ஓட்டுபவன் காதில் விழும். அதைவிட முக்கியமான ஒரு விஷயம், ஓட்டுபவன் வாய் ஓய்ந்தால் எருதும் நின்றுவிடும் என்பது. ஏவுகிறவன் மௌனமானால் ஏவப்படுவது நிற்கவேண்டும் என்ற இந்த எளிய ஏற்பாட்டை யாரும் யோசித்துச் செய்ததில்லை. அது பிராணியின் சுபாவம். யந்திரத்துக்கோ அந்தச் சுபாவம் கிடையாது. ஒருமுறை விட்ட யந்திரம் மறுமுறை தடுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு எருதின் குணத்தைப் புகட்டுவதற்கு மனிதர்க்கு ஏறத்தாழ நூறு வருஷமும் பல உயிர்களும் ஆயின.

கோயம்புத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை தோன்றியதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இச்சீமையின் கிணற்றுப் பாசனத்தில் வேரூன்றியதும், அதையொட்டித் திருப்பூர் பஞ்சு அரைவைச் சாலைகள் மலிந்த சந்தையாக உயர்ந்ததும் பலரும் அறிந்தவை. அந்தச் சாலைகளின் உள்ளமைப்பை இன்று பார்த்தவர்கள் குறைவு. ஒரே ஒரு இன்ஜின். அது சுற்றும் ஒரே ஒரு நீண்ட ஷாப்ட். அந்த ஷாப்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி வரிசை வரிசையாக நிற்கும் யந்திரங்களைச் சுழற்றும். இன்ஜின் அறையில் இருப்பவன் கூடத்தைக் காண்பதில்லை. கூடத்தின் கோடியில் இருப்பவன் இன்ஜின் அறையை அறிவதில்லை. ஆகவே ஒருவன் ஒரு விசையைத் திருப்பினால் அவன் கண்ணுக்கு எட்டாத பல யந்திரங்கள் ஒருசேர உயிர்பெறும் என்ற நிலைமை, கம்பியில்லாச் சாதனங்களுக்கு நெடுங்காலம் முன்பே இங்கு வந்துவிட்டது. ஓட்டத் தொடங்குமுன் மணி அடிப்பது, பழுது பார்க்கவேண்டிய யந்திரத்தின் பெல்ட்டை வெறும் புல்லிக்குத் தள்ளிவிடுவது என்னும் இரண்டுமே அக்காலத்துக் காவல்கள். பிற்பாடு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் ஆபத்துச் சமயத்தில் விசையைத் துண்டிக்கும் சாதனம் இருக்கவேண்டும் என்றது. தன்னையறியாமல் 'நில்' என்பதிலிருந்து 'ஓடு' என்பதற்கு நகர்ந்துவிடக்கூடிய விசைகளைப் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்ற வாசகம் 1976இல் அதிற் சேர்ந்தது. அந்தச் சிறு வாசகத்தை இக்கட்டுரையின் கடைசியில் நாம் மீண்டும் தேட நேரும்.

இனி இருப்புப்பாதைக்கு வருவோம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை முதல் தேதி ஓடத் தொடங்கிய சென்னை ரயில், சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேலைக் கடற்கரையின் பேப்பூரைச் சென்று தொட்டது 1862இல். அந்தப் பாதை ஊத்துக்குளி வழியாகவே செல்கிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரு திசைகளிலும் வண்டிகளை விடுவது என்பது, ஆராய்ந்து பார்த்தால், ஒரே யந்திரத்தை இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து ஏவுவதற்கு ஒப்பான காரியமே. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வண்டியை அனுப்பும்போது அந்த ஸ்டேஷன் மாஸ்டர் எதிர்வண்டியை அனுப்பிவிடாதபடி எவ்வாறு தடுப்பது? தந்தி இருக்கிறதே என்று எண்ணினார்கள். இங்கிலாந்தில் நார்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் 1874 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு, தந்தியிற் போன ஓர் உத்தரவு உரிய கையொப்பத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டமையால், இரண்டு வண்டிகள் ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி மட்டும் போதாது, செய்தியோடு கையால் தொட்டறியத்தக்க ஒரு பொருளும் வேண்டும் என்ற ஞானம் அதிலிருந்து பிறந்தது. எட்வர்டு டையர் என்பவர் 1878இல் செய்த யந்திரத்தில், இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும்; ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டிலிருந்தும் மற்றொன்று வெளிவராது. வில்லை யார் கையில் இருக்கிறதோ அவனுக்கே பாதை.

இதன் இனத்தைச் சேர்ந்த நீல் என்பவரது யந்திரம் இந்திய ரயில்களில் மிகப் பரவியது. அதில் வில்லைக்குப் பதிலாக உலோகப் பந்து. பிரம்பு வளையத்தின் அடியிலுள்ள பையில் பந்தை இட்டு, ஓடும் வண்டியின் இன்ஜினை நோக்கி ஸ்டேஷன் சிப்பந்தி நீட்ட, இன்ஜினில் இருப்பவர் முழங்கையை வளையத்துக்குள் விட்டுக் கவர்ந்து செல்லும் காட்சியைப் பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கை பார்க்காத சிறுவன் அக்காலத்தில் இருந்திருக்க மாட்டான். வேடிக்கை பார்த்தவர்களுள் எத்தனை பேர், அந்தப் பந்து கைமாறும் கணத்தில் அதிகாரம் கைமாறுகிறது என்பதை உணர்ந்தார்கள் என்று தெரியவில்லை. பின்னாளில் கிரேன்களின் வானொலிப் பெட்டிகளை வடித்த எஞ்சினீயர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

ரயில் கற்பித்த மற்றொரு பாடம் இதைவிட நுட்பமானது. ஆரம்ப நாட்களில் கைகாட்டி மரத்தின் இயல்பு நிலை 'போகலாம்' என்பதே. அபாயம் நேர்ந்தால்தான் அதைத் தடுப்பு நிலைக்குக் கொண்டுவருவார்கள். 1876 ஜனவரி 21ஆம் தேதி, இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டனில் பனி கொட்டியது. கைகாட்டிகள் 'போகலாம்' நிலையிலேயே உறைந்து இறுகிவிட்டன. காவலாளி விசையை இழுத்துத் தடுப்பு வைத்துவிட்டதாகவே நம்பியிருக்க, வண்டிகள் வந்து ஒன்றன்மேல் ஒன்று மோதின. அதன் பிறகே, கைகாட்டியின் இயல்பு நிலை 'நில்' என்று இருக்கவேண்டும், 'போகலாம்' என்பது ஒவ்வொரு முறையும் முயன்று கொடுக்கப்படும் அனுமதியாக இருக்கவேண்டும் என்ற நியதி நிலைபெற்றது. வண்டியின் பிரேக்கிலும் இதே புரட்சி நிகழ்ந்தது. நம் நாட்டு ரயில்களில் வெகுகாலம் வழங்கிய வாக்குவம் பிரேக், குழாயில் வெற்றிடம் நிலைத்திருக்கும்வரையே விலகி நிற்கும். குழாய் அறுந்தாலும், பெட்டி கழன்றாலும், எவரேனும் அபாயச் சங்கிலியை இழுத்தாலும் காற்று உட்புகுந்து சக்கரங்களைத் தானே பற்றிக்கொள்ளும். அனாவசியமாக இழுப்பவருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் என்று சங்கிலியின்கீழ் எழுதியிருந்ததை நம்மில் முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அபராதத்தை விட்டுவிட்டுத் தத்துவத்தைப் பாருங்கள்: வண்டியை ஓட்டும் உரிமை ஒருவனுக்கு, நிறுத்தும் உரிமை மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்து நிற்கும் கடைசிப் பிரயாணிக்கும் உண்டு. தூரத்து ஏவலைப் பற்றி இதற்கு மேற்பட்ட ஒரு ராஜநீதி இதுவரை வகுக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1932இல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1925இல், குலாம் காதர் என்பவர் திருப்பூரில் தொடங்கியிருந்த பனியன் தொழிலும், கோவையின் ஆலைகளும் அந்த மின்சாரத்தால் பெருகிய கதையைத் தனியே எழுதவேண்டும். நமக்கு வேண்டியது, ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி மோட்டார் என்ற மாறுதலும், கிணற்று மேட்டில் ஓட்டு வேய்ந்த சிறு அறையொன்று எழுந்து அதில் ஸ்டார்ட்டர் பெட்டி குடியேறியதும்தான். எருதுகள் போய் மோட்டார் வந்ததும் கொங்கு விவசாயியின் ஜீவிதம் மின்சாரக் கட்டணத்தோடு முடிச்சிடப்பட்டது. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்த்தியதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில், 1970இல், ஊத்துக்குளிக்கு அண்டையிலுள்ள பெருமாநல்லூரில் போலீசார் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்த சம்பவமே அந்த முடிச்சின் இறுக்கத்துக்குச் சாட்சி.

கம்பியின்றி ஏவும் வித்தையில் நம் தேசத்துக்கும் ஆதிப் பங்கு உண்டு. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத மின்னலைகளைச் சுவர்களுக்கு ஊடே அனுப்பி, தூரத்தில் ஒரு மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்தார். மூன்று வருஷம் கழித்து, 1898இல், நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை அலைகளால் நடத்திக் காட்டினார். படகைவிட எனக்குச் சுவையாகப் படுவது, அதன்பின் அவரை வருத்திய ஒரு கவலை: என் படகு என் ஏவலை மட்டுமே கேட்கவேண்டும், பிறர் அனுப்பும் அலைக்கு அசையக்கூடாது. இரண்டு வெவ்வேறு அலைவரிசைகள் ஒருங்கே வந்தாலன்றி இயங்காத ஏற்பாட்டுக்கு 1903இல் அவர் உரிமை பெற்றார். இந்தக் கவலை வீண் கவலையன்று. பின்னாளில் அமெரிக்காவில் மோட்டார்க் கொட்டகைக் கதவுகளுக்கு வானொலி விசை வைத்தபோது, ஒருவர் பொத்தானை அமுக்க அடுத்த வீட்டுக் கதவும் திறந்துகொண்ட கேலிக்கூத்து நடந்தது. கதவு திறந்தால் சிரிக்கலாம். கிரேன் இறங்கினால் சிரிக்க முடியாது.

இந்தியாவில் வானொலி அலை நெடுங்காலம் சர்க்காரின் சொத்தாகவே இருந்தது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் சாதனம் வைத்திருப்பதே குற்றம். பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்குக்கூடத் தபாலாபீசில் பணம் கட்டிய தலைமுறை நம்முடையது. ஆகவே தொழிற்சாலைக் கிரேன்கள் முதலில் கூண்டில் ஏறி அமர்ந்த ஓட்டுநராலும், பிறகு மேலிருந்து கம்பியில் தொங்கும் பெண்டன்ட் பெட்டியாலுமே நடத்தப்பட்டன. கூண்டுக்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கீழே நின்று கைச்சாடை காட்டுபவன் ஒருவனே. அவன் சாடைக்கன்றி வேறெவர் சாடைக்கும் ஓட்டுநர் அசையமாட்டார். ஆனால் 'நிறுத்து' என்ற சாடையை வழிப்போக்கன் காட்டினாலும் உடனே நிறுத்திவிடவேண்டும். அபாயச் சங்கிலியின் தத்துவமே இங்கும் ஆள்கிறது.

அலைவரிசைகள் சிற்சில தளர்த்தப்பட்டு, 335 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய இடங்கள் சில கிரேன்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பிறகு, மஞ்சள் பெட்டி நம் சீமைக்கும் வந்தது. நூற்சாயம் போடும் சாலைக்குள் போய்ப் பார்த்தால் அதன் அவசியம் பிரத்யட்சமாகும். கோன் கோனாக நூல் அடுக்கிய கேரியரைத் தூக்கி வெசல் என்னும் சாயக்கலத்துக்குள் இறக்குவதும், சாயமேறி நீர் சொட்டும் கனத்தோடு அதை மேலே எடுப்பதும் ஹாய்ஸ்டின் வேலை. கம்பியில் தொங்கும் பெட்டியானால் ஓட்டுபவன் சுமையோடு ஒட்டி நடந்தே ஆகவேண்டும். வழுக்கும் தரையில், ஆவி பறக்கும் வெசல் வாயருகே நடக்கவேண்டும். அலையால் ஏவுபவன் பாதுகாப்பான இடத்தை, சுமையும் கொக்கியும் வழியும் ஒருங்கே தெரியும் இடத்தை, தானே தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்துகொள்ளவேண்டும் என்று எழுதியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும். ஏனெனில் கம்பியின் நீளம் விதித்த கட்டுப்பாடு நீங்கியதும், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு அனுமானத்தால் கிரேனை நடத்தும் துர்ப்பழக்கமும் கூடவே வந்தது.

இந்தப் பெட்டி பேசும் முறை கவனிக்கத்தக்கது. அது பொத்தானை அமுக்கும்போது மட்டும் குரல் கொடுப்பதில்லை. உயிரோடிருக்கும் ஒவ்வொரு கணமும் தன் சங்கேத முகவரியைச் சொல்லிச் சொல்லி, 'இன்னார் கிரேனுக்கு இன்னார் பெட்டியிலிருந்து' என்று ஓயாமல் அஞ்சல் விடுகிறது. முகவரி பொருந்தாத அஞ்சலைக் கிரேன் ஏற்காது. டெஸ்லாவின் கவலைக்கு இதுவே பரிகாரம். சிறு பொழுது அஞ்சல் வராவிட்டால், பேட்டரி தீர்ந்ததோ, பெட்டி கீழே விழுந்து உடைந்ததோ, அந்நிய அலை குறுக்கிட்டதோ என்று விசாரியாமல், கிரேன் தானே மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டு நின்றுவிடும். ஆபட்ஸ் ரிப்டனின் கைகாட்டி இவ்வாறு அமைந்திருந்தால் அன்று எவரும் மாண்டிருக்கமாட்டார்கள். ஓட்டுபவன் வாய் ஓய்ந்ததும் நின்ற கவலை எருதின் குணம் ஒருவாறு யந்திரத்துக்குக் கைவந்துவிட்டது. கம்பியில்லா ஏவலுக்கென்றே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2017இல் வெளியிட்ட 62745ஆம் எண் தரவிதி இவற்றையெல்லாம் நிபந்தனைகளாக்கியது.

ஒரே கூடத்தில் இரண்டு மூன்று கிரேன்களும் இரண்டு மூன்று பெட்டிகளும் புழங்கும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. அங்கே நீல் யந்திரத்தின் பந்து மறுபிறவி எடுப்பதைக் காணலாம்: ஒரு கிரேனை ஒரு பெட்டி 'எடுத்துக்கொண்ட' பின், அது மனமொப்பி 'விட்டால்' அன்றி மற்றொரு பெட்டி அதை எடுக்கமுடியாது. ஒரே பெட்டி இரண்டு கிரேன்களையும் ஆளும் அமைப்பில், முதலாவதா, இரண்டாவதா, இரண்டும் சேர்ந்தா என்று தேர்ந்தெடுக்கும் விசை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட கிரேனில் விளக்கு எரியும். அந்த விளக்கைத் தலைநிமிர்ந்து பாராமல், பெட்டியின் விசையை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்குபவன் தன் நம்பிக்கையைத்தான் ஓட்டுகிறான். கிரேன் வேறெங்கோ ஓடுகிறது. ஷிப்டு முடிந்து பெட்டிகள் எல்லாம் சார்ஜ் போடும் பலகையில் ஒரே நிறத்தில் ஒரே உருவத்தில் வரிசையாகக் கிடக்கும். அடுத்த ஷிப்டுக்காரன் அவசரத்தில் பக்கத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவான். எனவே கிரேனிலும் பெட்டியிலும் ஒரே எண்ணைப் பெரிதாக எழுதிவைப்பதும், சாவியைப் பெட்டியோடு விடாமல் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பதும், முதலில் ஹார்னை ஒலித்து ஒலி எந்தக் கிரேனிலிருந்து வருகிறது என்று கேட்பதும், பிறகு வெறுங்கொக்கியைச் சற்றே நகர்த்தித் திசை பார்ப்பதும் ஒழுங்கான சாலைகளின் அனுஷ்டானம். திசை பார்ப்பது எதற்கென்றால், கூண்டுக்காரருக்கு வலம் என்றும் வலமே. நடந்துகொண்டே ஓட்டுபவன் கிரேனின் மறுபுறம் சென்று திரும்பி நின்றால் அவன் வலம் கிரேனுக்கு இடமாகிவிடும். அதற்காகவே உத்தரத்தின்மீது அம்புக்குறிகளைத் தீட்டி, பெட்டியிலும் அதே குறிகளை இட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் சாயச்சாலையின் மதிலுக்குள். மதிலுக்கு வெளியே, தோட்டத்தில் நிலைமை வேறு. பகலில் சில மணியும் இரவில் சில மணியுமாக மும்முனை மின்சாரம் பங்கிட்டு வரும் தேசத்தில், நடுச்சாமத்தில் எழுந்து பாம்பு மிதிக்கும் வரப்பில் நடந்து மோட்டார் போடுவதன் துன்பத்தை அனுபவித்தவர்கள் மட்டுமே அறிவார்கள். புனேயின் சந்தோஷ் ஓஸ்த்வால் 'நானோ கணேஷ்' என்ற பெயரில் கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் சாதனத்தைப் பரப்பினார்; அதன் இனத்தவை பல, 'மொபைல் ஸ்டார்ட்டர்' என்ற பொதுப்பெயரில், கொங்குச் சீமையிலும் இடம்பிடித்தன. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மகனும், தோட்டத்தில் இருக்கும் தகப்பனாரும், பங்குக் கிணறானால் பங்காளியும் தத்தம் கைப்பேசி எண்ணை அதில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். கிணற்று மோட்டாருக்கு ஒன்று, போர் மோட்டாருக்கு ஒன்று என இரண்டு பெட்டிகளையும் ஒரே கைப்பேசி ஆளலாம். உபகாரம் பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் ரயிலும் கிரேனும் உயிர்ப்பலி கொடுத்துக் கற்ற பாடங்களில் ஒன்றுகூட இந்தப் பெட்டிக்குள் முழுதாக வந்து சேரவில்லை. இது ஓயாமல் அஞ்சல் கேட்பதில்லை; ஒரே ஒரு அழைப்பில் ஓடத் தொடங்கி, ஏவியவன் மௌனத்தை 'தொடர்ந்து ஓடு' என்றே பொருள்கொள்கிறது. பதிவான எண்களுள் எவரும் எப்போதும் ஏவலாம். ஒருவர் எடுத்ததை மற்றவர் அறியார். 'ஆட்டோ'வில் விட்டிருந்தால் யாருமே ஏவாமல், மின்சாரம் வந்த மாத்திரத்தில் மோட்டார் தானே எழும். பங்குக் கிணற்றில் கவலை பூட்டிய நாளில் முறை என்று ஒன்று இருந்தது. இன்னாருக்கு இன்ன நாள் என்று ஊரறிய வகுத்த அந்த முறையே பந்தும் வில்லையுமாக நின்று காத்தது. கைப்பேசி முறையைக் கேட்டு ஏவுவதில்லை. தூர் எடுக்கவோ புட்வால்வைக் கழற்றி மாட்டவோ ஒருவர் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும்போது, திருப்பூரில் இருக்கும் ஒருவர் மின்சாரம் வந்துவிட்டது என்று அறிந்து பொத்தானை அமுக்குவதற்கு இதில் தடை ஒன்றும் இல்லை.

தடையை விவசாயிகள் தாமே தேடிக்கொண்டார்கள். இறங்குமுன் மோட்டார் ரூமுக்குச் சென்று மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவி, அவற்றை வேட்டி மடியில் செருகிக்கொண்டு இறங்குவது அனுபவஸ்தர்களின் பழக்கம். "கட்டைய உருவிப்போட்டீங்களாங்க மாமா?" என்று மேலே நிற்பவன் கேட்பான், மாமன் மடியைத் தட்டிக் காட்டுவார். ஸ்டேஷன் மாஸ்டரின் பந்தை இவர்கள் பார்த்துக் கற்றார்கள் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆயினும் இரண்டும் ஒரே யுக்தி: எவன் உயிர் ஆபத்திலோ அவன் கையிலேயே அதிகாரத்தின் பொருள் இருக்கவேண்டும்.

இப்போது புதிதாக மாட்டும் பேனல்களில் பியூஸ் கட்டைக்குப் பதில் எம்.சி.பி. என்ற சிறு விசை வருகிறது. பார்வைக்கு லட்சணமானது, பழுதுக்கு உடனே துண்டிப்பது, எல்லா வகையிலும் மேலானது. மடியில் மட்டும் செருக முடியாது. வழியோடு வருபவன் விரலால் தட்டினால் மீண்டும் ஏறிவிடும். அதன் பிடியைக் கவ்விப் பூட்டுப்போடும் சிறு கவ்வி ஒன்று பெரிய ஆலைகளில் புழங்குகிறது. 1976இல் சட்டத்திற் சேர்ந்த வாசகம் கேட்டதும் அந்த இனத்து ஏற்பாட்டைத்தான். சட்டமோ தொழிற்சாலைக்கு உரியது, கிணற்று மேட்டை அது எட்டுவதில்லை. பேனல் மாட்டவரும் எலெக்ட்ரீஷியனிடம் கவ்வியையும் பூட்டையும் கேட்டு வாங்கி, சாவியைக் கிணற்றில் இறங்குபவரின் அரைஞாணில் கட்டிவிடுகிற வழக்கம் ஊத்துக்குளிப் பக்கத்துத் தோட்டங்களில் இனிமேல்தான் பிறக்கவேண்டும்.